லுவார் கரையில் தெமி-செக்

வியாழன் இரவு, தூர்

பாரிஸ் மோன்பார்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால், தூர் நகரத்தின் வாசலான சான்-பியேர்-தெ-கோருக்கு ஒரு மணி நேரம்தான். வந்து சேர்வதற்குச் சற்று முன்னால் ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து, வெளியே வந்த கையோடு லுவார் நதியைத் தாண்டிவிடும். ஒன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத்துக்கு மேலே இருப்பவை வூவ்ரே திராட்சைத் தோட்டங்கள். இந்தப் பாதை போட்ட காலத்தில் அந்த ஊர் மேயர் காஸ்தோன் உவெத். அவரே ஒயின்காரர், 1947 முதல் 1989 வரை மேயர் நாற்காலியை விடாதவர். தோட்டத்தைக் கீறிக்கொண்டு தண்டவாளம் போகக் கூடாது என்று மல்லுக்கட்டி, அதை மண்ணுக்கு அடியில் போக வைத்தார். அதனால் ஜன்னல் வழியே எங்களுக்குத் தெரிந்தது வெறும் இருட்டு.

கூட வருபவர் பாரிஸ் உணவகம் ஒன்றின் சமையல்கட்டில் பல வருஷமாக நிற்கும் நண்பர். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இளையவர், என்னை அண்ணை என்பார். ஒயினைப் பற்றி நான் படித்தவன். சாப்பாட்டைப் பற்றி அவர் அறிந்தவர். வூவ்ரேயின் தெமி-செக் வெள்ளை ஒயினை அது விளையும் இடத்திலேயே, அந்த ஊர்ச் சாப்பாட்டோடு வைத்துப் பார்ப்பதுதான் இந்தச் சில நாட்களுக்கான வேலை.

தெமி-செக் என்றால் மெல்லிய இனிப்பு உள்ள ஒயின். நம்மவர்களிடம் ஒயின் பேச்சு வந்தாலே 'டிரையா, ஸ்வீட்டா' என்ற கேள்வியோடு முடிந்துவிடும். நடுவில் இருப்பதைப் புதிதாகக் குடிப்பவர்களுக்கானது என்று ஒதுக்கிவிடுவார்கள். இல்லையென்றால் கேக்கோடு பரிமாறிக் கெடுப்பார்கள். எனக்கு இதில் தனிக் கட்சி. இது சாப்பாட்டின் நடுவில், உப்பும் கொழுப்பும் உள்ள தட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஒயின்.

ஒரு கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய விதிப்படி, குமிழி இல்லாத ஒயின் தெமி-செக் என்று பெயர் வாங்க லிட்டருக்கு 12 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். புளிப்பு போதிய அளவு இருந்தால் 18 கிராம் வரை போகலாம். கடையில் விற்கும் கோலாவில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல். ஆனால் அதே சொல் நுரைக்கும் ஒயின் பாட்டிலில் இருந்தால் அளவு 32 முதல் 50 கிராம். வூவ்ரேயில் பாதிக்கும் மேல் நுரை ஒயின்தான் தயாராகிறது என்பதால், கடையில் லேபிளை மட்டும் பார்த்து எடுக்காமல் கார்க்கையும் பார்த்து எடுங்கள். கம்பி கட்டிய கார்க் என்றால் அது வேறு சாமான்.

இரவுச் சாப்பாடு பாரிஸிலிருந்தே வந்தது. காலையில் லா ஷாப்பெல் பக்கம் நம் ஆட்களின் கடையில் நண்பர் வாங்கிய மீன் ரோல்ஸ். வாடகை வீட்டின் ஓவனில் சூடாக்கி, தூர் ஒயின் கடையில் வாங்கிய இளம் தெமி-செக்கைத் திறந்தோம். முதல் கடியில் மிளகும் பச்சை மிளகாயும் நாக்கில் ஏறின. ஒரு வாய் ஒயின்.

"அண்ணை, உறைப்பு குறைஞ்ச மாதிரிக் கிடக்கு."

குறைந்துதான் இருந்தது. மிளகாயின் எரிச்சலைச் சர்க்கரை தணிக்கும். மதுவின் வீரியம் அதைக் கிளப்பிவிடும். 14, 15 சதவீத ஆல்கஹால் உள்ள சிவப்பு ஒயினோடு காரத்தைச் சாப்பிட்டால் வாய் பற்றி எரிவது அதனால்தான். இது 12, 13 சதவீதத்தில் நிற்பது. கூடவே வறுத்த எண்ணெயைக் கழுவிவிடும் புளிப்பும் இருக்கிறது. இதை வைத்து எல்லாக் காரத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். நல்ல கார நண்டுக் கறிக்கு முன்னால் எந்த ஒயினும் தோற்றுவிடும். அதற்குத் தண்ணீர்ச் சோறுதான் சரி.

வெள்ளி, வூவ்ரே

தூரிலிருந்து பஸ் நதியின் வடகரையை ஒட்டிப் போகிறது. வலப்பக்கம் லுவார், இடப்பக்கம் வெளிர்மஞ்சள் பாறைச் சுவர். அந்தச் சுவரில் கதவும் ஜன்னலும் திரைச்சீலையும் இருக்கின்றன. பாறையைக் குடைந்து வீடாக்கி இன்றும் குடியிருக்கிறார்கள். ரோஷ்கோர்போன் வந்ததும் குன்றின் விளிம்பில் ஒல்லியாக ஒரு பழைய கோபுரம் தெரியும். அதைத் தாண்டினால் வூவ்ரே.

அந்தப் பாறைக்குத் துஃபோ என்று பெயர். சுமார் 9 கோடி வருஷங்களுக்கு முன் கடல் அடியில் படிந்த சுண்ணாம்பு. 1842இல் அல்சீத் தோர்பிஞி என்ற நிலவியலாளர் அந்தக் காலப் படிவுக்கு இந்தத் தூர் நகரத்தின் பெயரையே வைத்தார். உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் 'துரோனியன்' என்று வருவது அதுதான். வெட்டும்போது மென்மையாக, ரம்பத்துக்கு வளைந்து கொடுக்கும். காற்று பட்டால் இறுகும். ஷெனோன்சோ போன்ற அரண்மனைகளெல்லாம் இந்தக் கல். கல்லை எடுத்துக்கொண்டு போனார்கள், பாறைக்குள் குகைகள் மிச்சமாயின. வருஷம் முழுக்கச் சுமார் 12 டிகிரியில் நிற்கும் இடம் சும்மா கிடைத்தால் ஒயின்காரன் விடுவானா?

மேட்டில் ஏறிப் பார்த்தால் வேடிக்கை. திராட்சை வரிசைகளுக்கு நடுவில் செங்கல் புகைபோக்கிகள் முளைத்திருக்கின்றன. கீழே யாரோ வீட்டு அடுப்பு. இந்த மேட்டில் மண் இரண்டு வகை. சிக்கிமுக்கிக் கல் கலந்த களிமண்ணைப் பெருஷ் என்கிறார்கள், சுண்ணாம்பு கலந்த களிமண்ணை ஓபுயி. பெருஷ் நிலத்து ஒயின் விறைப்பாக, கொஞ்சம் கல் வாசனையோடு வரும், ஓபுயி நிலத்தது சதைப்பற்றோடு வரும் என்பது இங்குள்ளவர்கள் சொல்வது. எனக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்தபோது வித்தியாசம் தெரிந்தது. எது எது என்று முன்பே சொல்லிவிட்டுக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன் செய்து நேரம் வாங்கிய தோட்டம் ஒன்றில் உரிமையாளர் அம்மா எங்களைக் குகைக்குள் அழைத்துப் போனார். அறுவடை நடந்துகொண்டிருந்தது, கையெல்லாம் பிசுபிசுப்பு, ஆனாலும் பேச்சில் அவசரம் இல்லை.

இங்கே விதிப்படி வெள்ளை ஒயினுக்கு ஏறக்குறைய ஒரே திராட்சைதான்: ஷெனின் பிளாங். நாசிக்கிலும் இதே திராட்சை விளைகிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து இந்தியக் கடைகளில் ஷெனின் பிளாங் பாட்டில்கள் வருகின்றன. பிரான்ஸைவிடத் தென்னாப்பிரிக்காவில் இது அதிகம். ஆனால் லுவார் கரையின் குளிரில் இது மிக மெதுவாகப் பழுக்கும். செப்டம்பர் கடைசியில் தொடங்கும் அறுவடை நவம்பர் வரைகூட இழுக்கும். ஒரே கொடியில் ஒரு குலை பச்சை, ஒரு குலை பொன்மஞ்சள், ஒரு குலை பூஞ்சை பிடித்துச் சுருங்கியது என்று நிற்கும். அதனால் ஒரே தோட்டத்துக்குள் பலமுறை போய்ப் போய்ப் பொறுக்குகிறார்கள். முதலில் எடுக்கும் புளிப்புக் காய் நுரை ஒயினுக்கு, அடுத்து வருவது செக் என்னும் உலர் ஒயினுக்கு, அப்புறம் தெமி-செக், வெயில் கைகொடுத்தால் கடைசியில் முவலே என்னும் இனிப்பு ஒயின்.

இதில் எனக்குப் பிடித்தது, எந்த வருஷம் என்ன கிடைக்கும் என்று அறுவடைக்கு முன்னால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான். குளிர் வருஷம் என்றால் செக் மட்டும். 1947, 1989, 1990 போன்ற வருஷங்களில் இனிப்பு கொட்டியது. அந்தப் பெயர்களை இன்னும் சொல்கிறார்கள். 2013 ஜூனில் ஆலங்கட்டி மழை தோட்டங்களை அடித்துப்போட்டது. 2021 ஏப்ரலில் உறைபனி துளிர்களைக் கருக்கியது. தெமி-செக் இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவில் உள்ள வருஷங்களின் பிள்ளை.

சாறு பெரும்பாலும் பழைய மரப்பீப்பாய்களில் நொதிக்கிறது. புது மர வாசனை ஷெனினுக்கு ஒத்துவராது என்றார் அந்த அம்மா, முகத்தைச் சுளித்துக்கொண்டு. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுகொண்டே போகும். எவ்வளவு மிச்சம் வேண்டுமோ அந்த இடத்தில் குளிரவைத்து, கொஞ்சம் கந்தகம் சேர்த்து நிறுத்துகிறார்கள். எந்த இடத்தில் நிறுத்துவது என்று கேட்டேன். பரிசோதனைக் கூடத்துச் சீட்டு இருக்கிறது, ஆனால் நாக்கு ஒப்புக்கொண்டால்தான் என்றார். மற்ற ஊர்களில் வெள்ளை ஒயினின் கூர்மையைக் குறைக்க இரண்டாவதாக ஒரு நொதித்தலை விடுவார்கள். ஆப்பிள் புளிப்பு பால் புளிப்பாக மாறும். இங்கே பெரும்பாலும் அதை நடக்கவிடுவதில்லை. புளிப்பு முழுசாக நிற்கிறது.

அங்கேதான் சர்க்கரையின் வேலை விளங்கியது. புளிக்குழம்பில் ஒரு துண்டு வெல்லம் போடுவது குழம்பை இனிப்பாக்க இல்லையே. புளியை ஒழுங்குக்குக் கொண்டுவரத்தானே. தெமி-செக்கும் அப்படி. முதலில் சீமைமாதுளையும் பேரிக்காயும் போல வாசனை, வாயில் விட்டதும் கொஞ்சம் தேன், அது படிவதற்குள் புளிப்பு வந்து வாயைத் துடைத்துவிட்டுப் போகிறது. விழுங்கிய பிறகு இனிப்பு மிஞ்சவில்லை, பசிதான் மிஞ்சியது.

வரிசையாக ஊற்றினார்: செக், அதைவிடத் துளி இனிப்பான 'தாந்த்ர்' என்று இவர்கள் தங்களுக்குள் சொல்லும் ரகம், தெமி-செக், முவலே. தாந்த்ர் என்ற சொல் சட்டத்தில் கிடையாது, பல பாட்டில்களில் எழுதியும் இருக்காது. வாங்க வருபவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இது ஒரு தொல்லை. நல்ல நல்ல வூவ்ரே பாட்டில்களின் முன்லேபிளில்கூட இனிப்பு எவ்வளவு என்று போடாமல் விடுகிறார்கள். உலர் ஒயின் என்று நினைத்துத் திறந்து முகம் சுளிப்பவர்கள் பிறகு இந்தப் பக்கமே வருவதில்லை. குறை குடிப்பவர் மேல் இல்லை.

மத்தியானம் 12 மணிக்கு ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. 2 மணிவரை எதுவும் கிடையாது. நதிக்கரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம்.

சனி, தூர் சந்தை

லே ஆல் என்ற மூடிய சந்தை. நண்பர் இங்கே வந்ததும் ஆள் மாறிவிட்டார். கறிக்கடை கண்ணாடிக்கு முன்னால் நின்று எனக்குப் பாடம் எடுத்தார்.

ரியெத் என்பது பன்றி இறைச்சியை அதன் கொழுப்பிலேயே பல மணி நேரம் வேகவிட்டு, நாராகப் பிரித்து, ஆறவைத்து ரொட்டியில் தடவுவது. தூரின் ரியெத்துக்கு 2013 முதல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு உண்டு. லெ மான் நகரத்து ரியெத் வெளிறியிருக்கும். இவர்களுடையது கடைசியில் தீயைத் தூக்கிப் பழுப்பேற்றியது, வறுவல் மணம் வரும். ரியோன் அதன் அண்ணன்: வயிற்றுப்பகுதி இறைச்சியைப் பெரிய துண்டுகளாக வெட்டி, உப்புப் போட்டு, கொழுப்பில் வேகவைத்து, வெளியே கருஞ்சிவப்பாக முறுக விட்டது.

ரியோன் ஒரு துண்டு, தெமி-செக் ஒரு வாய். இந்தப் பயணத்தில் இதுவரை சரியாகப் பொருந்தியது இதுதான். உப்பு இனிப்பைக் கூப்பிடுகிறது, கொழுப்பு புளிப்பைக் கூப்பிடுகிறது, இரண்டும் ஒரே கிளாஸில் இருக்கின்றன. செக் ஊற்றிப் பார்த்தோம். அதுவும் கொழுப்பை வெட்டியது, ஆனால் முறுகிய விளிம்பின் கருகல் சுவையோடு சேராமல் ஒதுங்கி நின்றது.

அடுத்து சீஸ். சான்த்-மோர் தெ தூரேன், ஆட்டுப்பாலில் செய்வது, சாம்பல் பூசிய நீள உருளை. 1990இல் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. உள்ளே நீளவாக்கில் ஒரு கம்புப்பயிர் வைக்கோல் செருகியிருக்கும், உடையாமல் பிடித்துக்கொள்ள. உருவிப் பார்த்தால் அந்த வைக்கோலின் மேல் தயாரித்தவரின் அடையாளம் பொறித்திருக்கிறது! வைக்கோலில் எழுத்துப் பொறிக்கும் நாட்டைப் பற்றி என்ன சொல்ல.

இளசான சான்த்-மோர் தயிர்ப் புளிப்போடு ஈரமாக இருக்கும். அதற்குச் செக் போதும், தெமி-செக் அதன்மேல் கொஞ்சம் அசட்டுத்தனமாக வழிகிறது. பல வாரம் காய்ந்து, ஓரம் சுருங்கி, கொட்டைச் சுவையும் ஆட்டு வாசனையும் ஏறியதை எடுத்தால் கதை தலைகீழ். அதன் உப்புக்கும் காரமான வாலுக்கும் தெமி-செக்தான் ஈடுகொடுத்தது.

மதியம் ஓர் உணவகத்தில் இந்த ஊரின் பெயர்போன தட்டு: பன்றித் துண்டங்களோடு உலர் பிளம்ஸ். பிளம்ஸை வூவ்ரேயில் ஊறவைத்து, அந்த ஒயினையே சுண்டவிட்டு, கிரீம் சேர்த்த குழம்பு. பட்டியலில் இதற்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஒயினைச் சிபாரிசு செய்திருந்தார்கள். நாங்கள் தெமி-செக் கேட்டோம். கொண்டுவந்த பாட்டில் ஐஸ் வாளியில் வெகுநேரம் கிடந்தது போலும், வாசனையே இல்லை. கிளாஸை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். குகையின் சூடான 10, 12 டிகிரிதான் இதற்குச் சரி. வீட்டு ஃபிரிஜிலிருந்து எடுத்தால் கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றவும்.

சூடு ஏறியதும் பொருத்தம் தெரிந்தது. பிளம்ஸின் இனிப்புக்கு முன்னால் உலர்ந்த ஒயின் வைத்தால் மெலிந்து, வெறும் புளித்தண்ணீராகிவிடும். தட்டில் இருக்கும் இனிப்பைவிட ஒயினில் இருக்கும் இனிப்பு குறையக் கூடாது என்பது பழைய விதி. இங்கே இரண்டும் ஏறத்தாழ சமம். கிரீமின் கனத்தைப் புளிப்பு தூக்கிவிட்டது. நண்பர் தட்டை ரொட்டியால் துடைத்துவிட்டு, பாரிஸில் தன் முதலாளி இதற்குச் சிவப்பைத்தான் ஊற்றுகிறார் என்று சொல்லிச் சிரித்தார்.

ஞாயிறு

மழை. ஒயின்காரர்கள் வீட்டில், கடைகள் மூடல், சந்தை மட்டும் மத்தியானம்வரை. போய் மீன் வாங்கி வந்துவிட்டோம்.

இடையில் மார்த்தினார் பேராலயத்துக்கு ஒரு நடை. 371இல் தூரின் ஆயரானவர். நதிக்கு அப்பால், வூவ்ரே போகும் பாதையிலேயே மார்மூத்தியே என்ற மடத்தை ஏற்படுத்தியவர். அவருடைய கழுதை கொடிகளை மேய்ந்துவிட, அடுத்த வருஷம் மேய்ந்த கொடிகளில்தான் நல்ல காய்ப்பு வந்தது, அப்படித்தான் கவாத்து பிறந்தது என்று இங்கே ஒரு கதை. கிரேக்க நாட்டில் நாப்லியா ஊர்க் கழுதைக்கும் இதே கதை உண்டு, கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே பௌசானியாஸ் எழுதிவைத்திருக்கிறார். கழுதைகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

மாலையில் நண்பர் அடுப்பைக் கையில் எடுத்தார். மீன், சாந்த்ர்: நன்னீர் மீன், வெள்ளைச் சதை, அழுத்தமான பிடி. அதற்கு பேர் பிளாங் என்ற வெண்ணெய்க் குழம்பு. லுவாரின் கீழ்ப்பக்கம் நான்ட் நகரத்துக்கு அருகே பிறந்தது. கிளெமான்ஸ் லெஃபேவ்ர் என்ற சமையல்காரி முட்டை மஞ்சள்கரு போட மறந்து இதைக் கண்டுபிடித்தார் என்பார்கள். உணவுக் கதைகளில் மறதிக்கு எப்போதும் பெரிய இடம்.

சின்ன வெங்காயம் போன்ற எஷலோத்தைப் பொடியாக அரிந்து, வினிகரும் வெள்ளை ஒயினும் விட்டு, ஈரம் ஏறக்குறைய வற்றும்வரை சுண்டவைத்தார். நான் தெமி-செக்கை நீட்டினேன். தலையை ஆட்டி மறுத்தார். சுண்டினால் சர்க்கரை பாகாகிவிடுமாம். சட்டிக்குச் செக், கிளாஸுக்குத் தெமி-செக். பிறகு தீயைக் குறைத்துவிட்டு, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு விடாமல் அடித்தார்.

"பட்டர் உருகி ஓடக் கூடாது அண்ணை. கரைஞ்சு பிடிக்கோணும். கொதிச்சுதெண்டால் எல்லாம் பிரிஞ்சு போயிடும்."

வியாழக்கிழமை வாங்கியதில் மிஞ்சிய இளம் பாட்டிலோடு, வெள்ளியன்று அந்த அம்மா கொடுத்த 2008 தெமி-செக்கையும் திறந்தோம். 2008 நல்ல புளிப்புள்ள வருஷம். நிறம் பொன்னாகியிருந்தது, தேன்மெழுகு, சாமந்தித் தேநீர், ஈரக் கம்பளி என்று வாசனை. ஈரக் கம்பளி என்றால் குறையாகத் தோன்றும். ஷெனினை அறிந்தவர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். சர்க்கரை எங்கும் போவதில்லை, பாட்டிலில் அதே அளவுதான் இருக்கிறது. ஆனால் வருஷங்கள் ஏற ஏற நாக்குக்கு அது தெரிவதில்லை. 2008 ஏறக்குறைய உலர் ஒயின் போலக் குடிக்கக் கிடைத்தது, நடுவில் மட்டும் ஒரு மெத்தென்ற இடம்.

பேர் பிளாங்கோடு வைத்தபோது இளையது தோற்றது. வெண்ணெயின் இனிப்பும் அதன் இனிப்பும் சேர்ந்து திகட்டின. இந்த ஊர்க்காரர்கள் இந்த மீனுக்குச் செக் ஊற்றுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2008 வந்ததும் மேசையில் பேச்சே நின்றுவிட்டது. குழம்பின் வினிகர் கூர்மை ஒயினின் புளிப்போடு கைகோத்துக்கொண்டது. மீன் தீர்ந்த பிறகும் குழம்பை ரொட்டியில் தொட்டுத் தொட்டு அந்தப் பாட்டிலை முடித்தோம்.

ஒரு எச்சரிக்கை. வாங்கிய சில வருஷத்தில் ஷெனின் வாயை மூடிக்கொள்ளும் ஒரு காலம் உண்டு. வாசனை இருக்காது, வெறும் புளிப்பு. இளமையில் குடித்துவிடுங்கள், இல்லையென்றால் பத்து வருஷம் பொறுங்கள். இடையில் திறந்துவிட்டு ஒயினைத் திட்ட வேண்டாம்.

திங்கள், மோன்லூயி

நதிக்கு அக்கரை. மோன்லூயி, லுவாருக்கும் ஷேர் ஆற்றுக்கும் நடுவே உள்ள மேடு. அதே ஷெனின், அதே துஃபோ, மேல்மண்ணில் மணல் கூடுதல். ஒரு காலத்தில் இங்கே விளைந்ததும் வூவ்ரே என்ற பெயரிலேயே விற்றது. 1936இல் வூவ்ரேயின் எல்லையைச் சட்டம் வரைந்தபோது இந்தக் கரை வெளியே நின்றது. 1938இல் மோன்லூயிக்குத் தனிப் பெயர் கிடைத்தது. இன்றும் அந்தக் கோடு கடுமையானது. பிரான்சுவா ஷிதேன் என்ற பெயர்பெற்ற ஒயின்காரருக்கு இரு கரையிலும் தோட்டம் உண்டு. வூவ்ரே திராட்சையை ஆறு தாண்டி மோன்லூயியில் உள்ள தன் கூடத்தில் ஒயினாக்கியதால், அந்த பாட்டில்களில் வூவ்ரே என்று எழுதும் உரிமை பறிபோயிற்று. பிரான்ஸ் ஒயின் என்ற பொதுப் பெயரில் விற்கிறார். தோட்டம் வூவ்ரேயில்தான் இருக்கிறது, கொடிக்கு ஒன்றும் தெரியாது.

இங்கே குடித்த தெமி-செக் மெல்லிய உடம்பு, பூ வாசனை, சீக்கிரம் பழகிவிடுகிற சுபாவம். வறுத்த கோழியோடு அழகாகப் போனது. கனமான தட்டுக்கு நான் வூவ்ரேயையே எடுப்பேன்.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருந்தது. தார்த் தத்தான், இங்கிருந்து தொலைவில்லாத சோலோஞ் பகுதியில் லாமோத்-பெவ்ரோன் ஊரின் தத்தான் சகோதரிகள் பெயரில் நிலைத்துவிட்ட தலைகீழ் ஆப்பிள் பை. ஆப்பிளைச் சர்க்கரையிலும் வெண்ணெயிலும் கருஞ்சிவப்பாக விடுவது. ஆப்பிள் வாசனையுள்ள ஒயினும் ஆப்பிளும் சேராமல் போகுமா என்று பலரும் தெமி-செக் ஊற்றுகிறார்கள். ஊற்றினோம். ஒரு வாய் பை தின்றுவிட்டுக் குடித்ததும் ஒயின் சுருங்கிக் கசந்த எலுமிச்சையாகிவிட்டது. நேற்றிரவு மெத்தென்றிருந்த ரகமா இது என்று சந்தேகம் வந்தது. அதே பைக்கு முவலே கேட்டு வாங்கிக் குடித்தோம், சரியாக இருந்தது. நண்பருக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

"நான் முதலே சொன்னனான் தானே, கேக்குக்கு உது சரிவராது எண்டு."

சொல்லவில்லை. ஆனால் சமைத்துப் போட்டவரோடு வாதாடக் கூடாது.

சாயங்காலம் பெட்டி கட்டும்போது கணக்குப் பார்த்தேன். இந்தியாவுக்குள் ஒருவர் வரியில்லாமல் கொண்டுபோகக்கூடியது 2 லிட்டர். முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு, மூன்றாவதற்கு வரி கட்ட வேண்டும். ஆகவே வூவ்ரேயின் இளம் தெமி-செக் ஒன்று, அந்த அம்மாவின் குகையிலிருந்து இன்னொரு 2008 ஒன்று. பழையது குலுங்கினால் சில வாரம் ஓய்வு வேண்டும், ஊருக்குப் போய் உடனே திறக்கப்போவதில்லை. மோன்லூயி பாட்டிலையும், காகிதத்தில் சுற்றிய அரைக் கிலோ ரியோனையும் நண்பர் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். பாரிஸ் போய்ச் சேரும்வரை ரியோன் மிஞ்சுமா என்பது ரயிலில் எங்களுக்குப் பசிப்பதைப் பொறுத்தது.